அத்தை வீட்டு மழை

1979 செப்டம்பர் கடைசியில் சென்னைத் துறைமுகத்தில் ‘சிதம்பரம்’ கப்பலில் ஏறியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் வரலாறு படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். வேலைதான் இல்லையே தவிர, உலகத்தில் எனக்குத் தெரியாதது என்று எதுவும் இல்லை. பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த கூழ்வடகம், வறுத்த முந்திரி, அத்தைக்கு ஒரு கைத்தறிச் சேலை. மலேசியாவில், கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அந்த அத்தையை அதுவரை நான் பார்த்ததே கிடையாது. கப்பல் சீட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தவர் மாமா.

அத்தை 1951இல் கல்யாணமாகிப் போனவர். மாமா கைக்குழந்தையாக ராஜுலா கப்பலில் மலாயாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். பெண் கட்டுவதற்காக ஒருமுறை ஊருக்கு வந்தார். அதே ராஜுலாவில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு இரண்டு வருடத்தில் குடிநுழைவுச் சட்டம் இறுகிவிட்டது. போனவர்கள் போனவர்கள்தான். இருபத்தெட்டு வருடமாக அத்தை வீட்டுச் செய்தியெல்லாம் நீல நிற ஏரோகிராம் தாளில்தான் வரும். எல்லாக் கடிதமும் ஒரே கேள்வியில் முடியும்: “பொன்னேரியில் தண்ணீர் கிடக்கிறதா?”

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கம். பொன்னேரி என்பது ராஜேந்திர சோழன் வெட்டிய ஏரி. சோழகங்கம் என்று அவன் பெயர் வைத்தான், நாங்கள் பொன்னேரி ஆக்கிவிட்டோம். என் சின்ன வயதில் அதில் தண்ணீரைவிட ஆடுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முந்திரி, கடலை, கம்பு எல்லாம் மானாவாரி. எங்களுக்கு மழை என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது, சாமி மாதிரி.

பினாங்கில் இறங்கி, படகில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து பஸ். பினாங்குப் பாலம் எல்லாம் 1985இல்தான் வந்தது. அந்த வழி முழுக்க நான் வாய் பிளந்துகொண்டு வந்தது பச்சையைப் பார்த்து. நம் ஊரில் பச்சை என்பது வரப்போடு முடிந்துவிடும். அங்கே சாலை ஓரம், கூரை ஓரம், சுவர் வெடிப்பு என்று எங்கே ஒரு சாண் இடம் கிடைத்தாலும் ஏதோ ஒன்று முளைத்து நின்றது. தோட்டத்து வாசலில் இறங்கியபோது லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அத்தை என் கன்னத்தைத் தடவிவிட்டு முதலில் கேட்டது, “பசியாறிட்டியா தம்பி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு ‘பசியாறுவது’, ரிங்கிட்டுக்கு ‘வெள்ளி’, சந்தைக்கு ‘பாசா’, பால் பிடிக்கும் கோப்பைக்கு ‘மங்கு’, காலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் ‘பெரட்டு’. வந்த இரண்டாம் நாளே திருத்த ஆரம்பித்துவிட்டேன். பட்டதாரி அல்லவா. அத்தை மகளுக்குப் பதினைந்து வயது; அவள் மட்டும், “நீங்க பஸ்ஸு, டிக்கெட்டுன்னு சொல்றது மட்டும் சங்கத் தமிழா?” என்று ஒருமுறை கேட்டாள். அத்தை அவளை அதட்டி உள்ளே அனுப்பினார். பசியாறுதல் என்ற சொல்லை என் பாட்டியும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் என்பது எனக்கு நினைவு வந்தது பல வருடம் கழித்து, பாட்டி போன பிறகு.

இனி மழைக்கு வருகிறேன்.

அக்டோபரில் அந்தப் பக்கம் மழை கொட்டும். சாயங்காலம் மேற்கே கறுக்கும். கொஞ்ச நேரத்தில் தகரக் கூரையில் யாரோ கூடை கூடையாகச் சரளைக் கல்லைக் கொட்டுகிற சத்தம் கேட்கும். பேசினால் காது கேட்காது. நான் வாசலில் நின்று கையை நீட்டி நனைவேன், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முற்றத்தில் குளிப்பேன். “அத்தை, நம்ம ஊருல ஒரு நாள் இப்படிப் பேஞ்சா கோயில்ல பொங்கல் வச்சிருவாங்க. நீங்க குடுத்து வச்சவங்க!” என்று கத்துவேன். அத்தை கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். “நல்லா பேயட்டும்ப்பா” என்பார். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் இந்த மழையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இங்கே இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியவில்லை என்றும் எழுதிய ஞாபகம்.

மழை பெய்த மறுநாள் காலையில் மாமா வீட்டில் இருப்பார். விடியும் முன்பே எழுந்து, வாசலுக்கு எதிரே நின்ற பால்மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து கோப்பியை நிதானமாகக் குடிப்பார். அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு இருக்கும். விருந்தாளி வந்திருக்கிறான் என்று எனக்காக லீவு போடுகிறார், எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு என்பது மட்டும் உண்மை.

ஒரு வாரம் விடாமல் பெய்தது. ஒரு நாள் அத்தை மகளோடு தோட்டத்து மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே அவளிடம் கேட்டார்: “அப்பாவுக்கு இந்த மாசம் எத்தனை நாள் வெட்டு?” அவள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், “ஒம்போது” என்றாள். அவர் ஒன்றும் பேசாமல் கோழியை நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார்.

திரும்பி வரும்போது ஒன்பது என்றால் என்ன என்று கேட்டேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். பிறகு சொல்லிவிட்டாள்: “மழை பேஞ்சா பால் வெட்டக் கூடாது அத்தான். வெட்டலன்னா சம்பளம் இல்ல. நீங்க மழை மழைன்னு குதிக்கிறீங்க. உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.”

அன்று ராத்திரி நான் சாப்பிட்ட சோறு தொண்டையில் நின்றது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் நன்றாகத்தான் சாப்பிட்டேன். வெட்கம் மெதுவாகத்தான் வந்தது.

வானம் வெளுத்ததும் மாமாவிடம் கெஞ்சிக் கேட்டு அவரோடு வேலைக்குப் போனேன். காலை ஐந்து மணி இருட்டு. பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களுக்குள் நுழைந்தோம். குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் பாலின் அழுத்தம் கூடுதலாக இருக்கும், வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். அதனால்தான் இந்த இருட்டு வேலை. ஓர் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம். பழைய வெட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போடுவது, கத்தியால் பட்டையைச் சரிவாக, காகிதக் கனத்துக்குச் சீவுவது, மங்கைத் துடைத்து மாட்டுவது, அடுத்த மரம். ஆழம் குறைந்தால் பால் வராது. ஒரு நூல் கூடினால் மரத்தின் உயிர்ப்பகுதியில் காயம் பட்டு, பட்டை கரடுமுரடாகப் புடைத்துவிடும், பின்னால் அந்த இடத்தில் கத்தி வைக்க முடியாது. ஈரப் பட்டையில் பால் கோட்டில் ஓடாமல் மரம் முழுக்க வழிந்து போகும், மங்கில் விழுவதும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். மாமா விடியற்காலையில் எதிர்மரத்தைத் தொட்டுப் பார்த்தது இதற்குத்தான். நான் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருந்தேன்.

அத்தையிடம் அன்று மன்னிப்புக் கேட்கும் தைரியம் வரவில்லை, சுற்றி வளைத்துத்தான் பேசினேன். “மழைன்னா உங்களுக்கு வெறுப்பா இருக்காதா அத்தை?” அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: “வெறுப்பா? நான் எந்த ஊருப் பொண்ணு? மழை வந்தா எனக்கு இன்னிக்கும் சந்தோசந்தான். ஒரு நிமிசம். அப்புறம் கணக்கு வந்துரும்.”

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் வாசலில் நின்று குதித்தபோது அவர் முகத்தில் பார்த்திருக்கிறேன். சிரிப்பு பொய் இல்லை. அது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆறுதல்.

அங்கே இருந்த ஒரு மாதத்தில் நான் பேசிய அபத்தங்களில் மழை ஒன்று. இன்னொன்று, “நீங்க எல்லாரும் நம்ம ஊருக்கே வந்துடலாமே மாமா?” மாமாவிடம் சிவப்பு அடையாள அட்டை இருந்தது. குடிமக்களுக்கு நீலம், மற்றவர்களுக்குச் சிவப்பு. அத்தனை வருடம் அந்த மண்ணில் இருந்தும், பிறந்தது இங்கே என்பதால் அவர் அங்கே குடிமகன் ஆகவில்லை. 1969 கலவரத்துக்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்து, ஆயிரமாயிரம் பேர் கப்பல் ஏறித் திரும்பியிருந்தார்கள். மாமா பெர்மிட்டுக்காக நடையாய் நடந்து வாங்கி அங்கேயே இருந்துவிட்டவர். அவருடைய அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1943இல் பாதை முடிந்தது, அவர் திரும்பவில்லை. அம்மாவைப் புதைத்த இடம் தோட்டத்து மயானம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அத்தை வழியாக. மாமா என் கேள்விக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்: “வரலாம் மாப்ள. அங்க பால்மரம் இருக்கா?”

கடாரத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் அடம் பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். கெடாதான் கடாரம். 1025இல் ராஜேந்திரன் கடல் தாண்டிப் படை அனுப்பி வென்ற கடாரம். எங்கள் ஊர்க் கோயிலைக் கட்டியவன் வென்ற ஊர் என்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைப்பு. மாமா மோட்டார் சைக்கிளில் மெர்போக் கூட்டிப் போனார். ஜெராய் மலை அடிவாரத்தில், ஓடை ஓரமாக, புக்கிட் பத்து பஹாட் என்ற இடத்தில் ஒரு பழைய கோயிலின் கல் அடித்தளம். 1930களில் கண்டுபிடித்து 1960இல் மறுபடி அடுக்கி நிறுத்தியது. நான் மேடையேறிவிட்டேன். கப்பற்படை, கடாரம் கொண்டான் பட்டம் எல்லாம் பொழிந்தேன். அதே கடாரத்து அரச குலம்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியது, ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்தான் என்பதும் நான் படித்ததுதான். தகப்பன் விருந்துபசாரம் செய்த வீட்டுக்கு இருபது வருடம் கழித்து மகன் படையோடு போயிருக்கிறான். அந்தப் பகுதியை அன்று வசதியாக விட்டுவிட்டேன்.

மூச்சு வாங்க நிறுத்தித் திரும்பினால் மாமா பக்கத்தில் இல்லை. வழியோரத்தில் யாரோ ஒருவருடைய சின்னத் தோட்டம், இருபது முப்பது பால்மரம். அங்கே போய் ஒரு மரத்தின் முன் நின்று, வெட்டுப் பட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “பாத்தியா, ஆழமா இறக்கிட்டான். மரம் பாவம்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, ஆயிரம் வருட வரலாற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மரத்தைப் பார்க்கிறாரே என்று. இப்போது யோசித்தால், அன்று அந்த இடத்தை உண்மையில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நான் கும்பகோணத்தில் எழுதிய பரீட்சைத் தாளை அங்கே வாசித்துக்கொண்டிருந்தேன். ராஜேந்திரன் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே இரும்பு உருக்கி வாணிபம் செய்த மக்கள் இருந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுங்கை பத்துவில் 2009க்குப் பிறகு உலைகளைத் தோண்டி எடுத்த செய்தி படித்தேன். அந்த மக்களும் என் பேச்சில் இல்லை.

வெளிநாட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் சொல்லிக்கொள்ள வரும்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: அங்கே மழை பெய்தால் யாருக்கு நல்லது, யாருக்கு நஷ்டம் என்று விசாரித்துக்கொண்டு வா. முக்கால்வாசிப் பேர் கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பார்க்கிறார்கள். பனி, வெயில், வெள்ளிக்கிழமை ராத்திரி, பண்டிகைக் கூட்டம், எதுவாகவும் இருக்கட்டும். நமக்கு வேடிக்கையாக இருக்கும் ஒன்று அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்று தெரியாமல் ஒரு வீட்டில் ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வரலாம். நான் வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது அத்தை கைலி இரண்டு, கோடாலித் தைலம் அரை டஜன், அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட், அம்மாவுக்கு ஒரு சேலை கொடுத்தார். அந்த மாதச் சீட்டைத் தள்ளி எடுத்தார் என்பது பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. விமானத்துக்கு எங்களிடமும் காசில்லை, அவர்களிடமும் இல்லை. மாமா சிவப்பு அட்டையோடே போய்ச் சேர்ந்தார். அத்தை அவருக்குப் பின் ஆறு வருடம் இருந்தார். அந்தத் தோட்டத்தில் இப்போது வீட்டு மனைகள்.

2016 டிசம்பரில் அத்தை மகளின் மகள் கோலாலம்பூரிலிருந்து வந்தாள். திருச்சிக்கு நாலு மணி நேரம்தானாம். இருபத்து மூன்று வயது, கணக்காய்வாளர், முதுகில் பை, கையில் போன். வாசலில் இறங்கியதும், “பெரியப்பா, பசியாறிட்டீங்களா?” என்றாள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. அடுத்த மாதமே தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த வருடம். கார்த்திகை போய் மார்கழி பிறக்கப் போகிறது, வானத்தில் பஞ்சு அளவுகூட மேகம் இல்லை. என் மகன் போட்டிருந்த மக்காச்சோளம் முழங்கால் உயரத்திலேயே சுருண்டு நின்றது. போர் ஒரு மணி நேரம் ஓடினால் காற்றுதான் வரும்.

மறுநாள் காலை அவள் களத்துமேட்டில் நின்று கையை விரித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். “என்னா வெயில் பெரியப்பா! அங்க இந்நேரம் தினமும் மழை, துணிகூட காயாது. இங்க பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு வானம்!” வெடித்துக் கிடந்த பொன்னேரிக் கரையைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள்.

பக்கத்தில் நின்ற பேரனுக்குப் பத்து வயது. வாயைத் திறந்தான். “இல்ல அத்தை, மழை பேயலன்னா அப்பாவுக்கு...”

“நல்லா காயட்டும்மா” என்றேன் நான். அவன் பக்கம் திரும்பி, “டேய், உள்ள போயி அத்தைக்கு எளநி வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லு, போ” என்றேன்.