பாறையில் நின்ற பனை

வன்னியிலிருந்து மலையகம் போகிறவர்களுக்கு வழியில் மரங்கள் மாறுவது நன்றாகத் தெரியும். வவுனியா தாண்டப் பனை குறையும். கண்டிக்குக் கிட்டக் கமுகும் கித்துளும் வரும். ஹற்றன், நுவரெலியாக் குளிரில் எங்கு பார்த்தாலும் தேயிலைதான்.

கடந்த பள்ளி விடுமுறையில், கிளிநொச்சியில் என் அயலில் இருக்கும் அக்காவோடும் அவரின் இரண்டு பிள்ளைகளோடும் அங்கு போனேன். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. போரில் கணவரை இழந்தவர். கினிகத்தேனைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்தில் இருக்கும் அவரின் பெரியம்மாவைப் பார்க்கவே அந்தப் பயணம்.

தேயிலை மலைக்கு அப்பால் ஓடையும் காடும். அங்கே செங்குத்தான பாறையில் மெலிந்த பனையொன்று நின்றது. கீழே காய்கள் விழுந்து கிடந்தன. பிள்ளைகள் பொறுக்கி வாயில் வைக்கப் போனார்கள். பெரியம்மா ஓடிவந்து தட்டிவிட்டார். "என்ன மரமுன்னு தெரியாம வாயில வைக்கக் கூடாது. கித்துள் பழத்தைக் கடிச்சாலே வாயெல்லாம் அரிக்கும்!" என்றார். அது உண்மைதான். கித்துளில் கருப்பட்டி எடுக்கிறோம். ஆனால் அதன் பழச்சதையில் ஊசிபோன்ற நுண்ணிய பளிங்குகள் இருக்கின்றன. அவை தோலையும் வாயையும் அரிக்கச் செய்யும்.

அப்படியானால் இது என்ன மரம்? எல்லோருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓலை விசிறிபோல் இல்லை. ஆகவே எங்கள் பனையோ தாளிப்பனையோ அல்ல. கீற்று மீன்வால்போல் இல்லை. ஆகவே கித்துளும் அல்ல. தண்டில் முள் இல்லை; ஆகவே முள்ளோடு கூட்டமாக வளரும் கட்டுகித்துளும் அல்ல. தண்டில் வளையங்கள் இருந்தன. குலை ஓலைகளுக்குக் கீழே தொங்கியது. கமுகு என்று சொல்லலாம்தான். ஆனால் கீற்றுகளின் நுனி யாரோ கடித்தெடுத்ததுபோல் இருந்தது. காயும் உருண்டை.

நுவரெலியா, ஹக்கலப் பக்கம் போனால் இன்னொன்றும் கவனியுங்கள். அங்கே பனைபோல் நிற்பவற்றில் பல பனையே அல்ல, மரமாய் வளரும் பன்னங்கள். இளம் இலை சுருண்டிருந்து விரியும். பூவும் காயும் இராது.

விடை சொன்னவர் தோட்டக் காவல்கார ஐயா. "தொதலு" என்று சிங்களப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை வைத்துத்தான் பின்னர் நூல்களில் தேடினேன். நாங்கள் பார்த்த அடையாளங்கள் பொருந்தின.

அறிஞர்களும் இதை ஒரே நாளில் அறிந்துவிடவில்லை. பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவைட்ஸ் 1864இல் இதற்கு அறிவியற் பெயரிட்டார். அவுஸ்திரேலியா, நியூகினிப் பக்கத்துப் பனைகளின் இனத்தோடு இதைச் சேர்த்தார். 1875இல் வெண்ட்லண்ட், துரூட என்ற ஜெர்மன் அறிஞர்கள் அது பொருந்தாது என்று கண்டு, லொக்சோகொக்கஸ் என்று தனி இனமாக்கினார்கள். துவைட்ஸ் வைத்த "ரூபிகோலா" என்ற பெயர் மட்டும் நிலைத்தது. பாறையில் வாழ்வது என்று அதற்குப் பொருள். அந்த இனத்தில் இந்த ஒரு மரம்தான். உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை.

இதைக் கேட்ட அக்கா, "வேறாக்களோட சேர்த்து எழுதினாலும், அது நிண்ட இடம் இதுதானே" என்றார். பதிவுக்கும் அட்டைக்கும் எத்தனையோ வாசலில் நின்றவர் அவர். நான் பதில் சொல்லவில்லை.

சகோதரிகளே, மீள்குடியேறிய காணிகளிலும் பெயர் தெரியாத மரங்கள் முளைத்து நிற்கின்றன. தெரியாத காயைப் பிள்ளைகள் தின்ன விடாதீர்கள். அவசரப்பட்டு வெட்டவும் வேண்டாம். ஓலை, தண்டு, பாளை, காய் நான்கையும் படம் எடுங்கள். இடத்தையும் மாதத்தையும் குறித்து வையுங்கள். முதலில் ஊரிலுள்ள வயதானவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால் பேராதனையில் தேசிய உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வையுங்கள். எங்களோடு அந்தப் பெயர்கள் போய்விடக் கூடாது.