கல்லைத் தூக்குவதும் காலூன்றி எழுவதும்

வலிமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் தோன்றுவது இளவட்டக்கல்லே. தென்மாவட்டச் சிற்றூர்களில் சாவடிக்கு அருகிலும் மந்தையின் ஓரத்திலும் உருண்டு திரண்டு கிடக்கும் அக்கல்லை முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்கு மேல் தூக்கிப் பின்புறம் எறிந்த இளைஞனே மணமகனாகும் தகுதி பெற்றான் என்று அகரத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்.

அக்கல்லைக் குறித்து எம் உள்ளத்தில் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. கல் ஒருவனுடைய வலிமையை அளந்து காட்டும். அவ்வலிமையை அவனுக்கு ஊட்டுமா? தூக்க இயலாமல் தலைகுனிந்து திரும்பியவனுக்கு அது சொல்லும் வழி யாது? கல் ஒரே எடையில் கிடக்கும். வருவோன் தகுதிக்கேற்பத் தன்னைக் குறைத்துக் கொள்ளாது. குறைத்துக் கொடுத்து, பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுப்பதற்கு ஓர் ஆசான் வேண்டும். தேர்வு வேறு, பயிற்சி வேறு. வகுப்பறையில் நாளும் நிற்கும் எமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஆயினும் உடலின் திறத்தில் அது எத்துணை உண்மை என்பதை இருவர் வழியாகவே உணர்ந்தோம். ஒருவர் நூல்களின் வழியே யாம் அறிந்தவர். மற்றவர் எம் தெருவிலேயே வாழ்ந்தவர்.

முதலாமவர் பெங்களூரில் வாழ்ந்த கே.வி. ஐயர். திண்டுக்கல்லுக்கும் மைசூர் நாட்டுக்கும் உள்ள தொடர்பு பழையது. 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக அமர்ந்த ஊர் இது. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்கு மாறிய ஊர் இது. ஆகவே மைசூர்ச் செய்தி எதுவாயினும் எம் செவி சற்றே கூர்மையடைதல் இயல்பு. 1897இல் பிறந்து 1980இல் மறைந்த ஐயர், பெங்களூரில் ஹெர்குலிஸ் என்னும் பெயரால் உடற்பயிற்சிச் சாலை நடத்தியவர். மேனாட்டு மல்லர் சாண்டோ இந்தியாவில் வலம் வந்து காட்சிகள் நடத்திச் சென்ற பின்னர் எழுந்த உடல்வளர்ப்பு ஆர்வத்தில் உருவானவர். எடை தூக்கும் மேனாட்டு முறையையும், ஆசனம், சூரிய நமஸ்காரம் ஆகிய நம் நாட்டு முறைகளையும் ஒன்றாக இணைத்துக் கற்பித்தவர். 1930இல் தசைவளர்ப்பைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியதோடு, நேரில் வர இயலாதோர்க்கு அஞ்சல் வழியாகவும் பாடம் நடத்தினார்.

தமிழ்த்துறை மாணவர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. இவர் கன்னடத்தில் நாவலாசிரியர். போசள அரசி சாந்தலையின் வாழ்வை நாவலாகப் படைத்தவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தில் புகழ் எய்திய டி.பி. கைலாசத்தின் நெருங்கிய நண்பர். இரும்பும் ஏடும் ஓரிடத்தில் வாழா என்று எண்ணுவோர்க்கு இவர் வாழ்வே மறுமொழி.

எனினும் ஐயரிடம் எம்மை ஈர்த்தது அவருடைய சிலை போன்ற மேனியன்று. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பக்கவாதத்தால் தளர்ந்தபோது, உடலைப் பிடித்துவிட்டும் தக்க பயிற்சி தந்தும் அவரைத் தேற்றும் பணியில் ஐயர் ஈடுபட்டார். திரண்ட தோள்களைக் காட்டிப் புகழ் பெற்ற ஒருவர், தளர்ந்த உடல் ஒன்றின் அருகில் பொறுமையுடன் அமர்ந்தார். பயிற்சியாளர் என்னும் சொல்லுக்கு அங்கேதான் முழுப்பொருள் காண்கிறோம்.

இரண்டாமவர் எம் தெருவில் சிறியதொரு தேகப்பயிற்சிச் சாலை நடத்தியவர். ஊரார் அனைவர்க்கும் அவர் 'மாஸ்டர்'. இளமையில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை சுமந்தவர். இருபத்தைந்து வயதிலேயே முதுகு பிடித்துக்கொண்டு படுக்கையில் கிடந்தவர். பின்னர் மதுரையில் ஒரு பயிற்சிச் சாலையைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்து, வெறுங்கோலைத் தூக்குவதிலிருந்து தொடங்கி, முதுகை நிமிர்த்திக்கொண்டு ஊர் திரும்பினார். "மூட்டை என்னைக் கேட்டுவிட்டு ஏறவில்லை சார், இங்கே நான் கேட்ட எடைதான் ஏறுகிறது" என்பார். உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை இதனினும் சுருக்கமாக யாரும் கூறக் கேட்டிலோம்.

எம் அன்னையார் எழுபத்திரண்டாம் வயதில் நெடுங்காய்ச்சலுற்று எழுந்தபோது கால்களில் வலுவிழந்தார். பாயில் அமர்ந்தால் இருவர் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. தொழுகை நாற்காலிக்கு மாறியது. அதனை அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். "நாலு பெண்டுகள் நடுவே என்னைத் தூக்கி விடுவதா?" என்பது அவர் கேள்வி. வலிமை குன்றும்போது முதலில் சுருங்குவது உடலன்று, ஒருவர் நடமாடும் உலகமே என்று அப்போது கண்டோம்.

மருத்துவரின் இசைவு பெற்று மாஸ்டரை அழைத்து வந்தோம். இரும்பு எதனையும் அவர் கொண்டுவரவில்லை. நாற்காலியின் மேல் நான்கு ஜமுக்காளங்களை மடித்து விரித்து, "அம்மா, இதில் உட்கார்ந்து ஐந்து முறை எழுங்கள்" என்றார். உயரம் மிகுதியாதலால் அன்னையாரால் எளிதாக எழ முடிந்தது. "இது ஒரு வித்தையா தம்பி?" என்று சிரித்தார். அச்சிரிப்பையே மாஸ்டர் எதிர்பார்த்திருந்தார் போலும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு ஜமுக்காளம் உருவப்பட்டது. நீர் நிறைத்த செம்பை இரு கைகளாலும் மார்போடு ஏந்தி எழுதல் பின்னர் வந்தது. நாற்காலி போய் முக்காலி வந்தது. ஏழு திங்கள் கழித்து, முக்காலியில் ஒரு கையை ஊன்றியவாறு அன்னையார் பாயிலிருந்து தாமே எழுந்தார். அந்த ஊன்றுகோடல் இறுதிவரை நீங்கவில்லை. நீங்க வேண்டுமென்று மாஸ்டரும் வற்புறுத்தவில்லை. அவ்வாண்டு இரு திருமணங்களுக்கு அன்னையார் சென்று வந்தார்.

இதனைத் தனியொரு வீட்டின் வியப்பாகக் கொள்ள வேண்டுவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்துப் பார்த்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. பயிற்சியை முடித்தோரின் தொடைத்தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்திருந்தது. தசை, வயதைக் கேட்டு வளர்வதில்லை. தாங்கத்தக்க பாரத்தைக் கேட்டு வளர்கிறது. பாரம் சிறிது மிகும்போது தசை தன்னைப் புதுக்கிக்கொள்கிறது. ஓய்வும் போதிய புரதமும் அதற்குத் துணை நிற்கின்றன. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரு நாளேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டுமென்றும், 65 வயது கடந்தோர் நிலைதடுமாறாமைக்கான பயிற்சியையும் சேர்த்து மூன்று நாளேனும் செய்ய வேண்டுமென்றும் அறிவுறுத்துகிறது.

இந்திய மட்டைப்பந்து அணி 2011இல் உலகக் கோப்பையை வென்றபோது அவ்வணியின் உடற்திறன் பயிற்சியாளராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன். 2019 உலகக் கோப்பை வரை அப்பணியை ஆற்றிய சங்கர் பாசுவும் சென்னையினரே. இத்தகையோரால் பயிற்சியாளர் பணிக்கு இன்று நல்ல மதிப்பு உண்டாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அரங்கில் ஆடுவோர் மிகச் சிலர்; பாயிலிருந்து எழ வேண்டியவர்களோ நாம் எல்லோரும்.

மாணவச் செல்வங்களே, கண்ணாடி முன் நின்று தோளை அளப்பதில் பிழையில்லை. இளமைக்கு அது அழகே. ஆனால் அத்தோள் எதற்கென்றும் ஒருமுறை எண்ணுங்கள். பேருந்தில் ஒரு மூதாட்டியின் சுமையை ஏற்றி இறக்கவும், நாளை தம் பிள்ளையைத் தூக்கி நடக்கவும், ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிறர் கையை நாடாமல் எழவும் இன்றே சேமிக்கும் பொருள் அது. பெரியோர்களே, காலம் கடந்துவிட்டதென்று கைவிட வேண்டா. மருத்துவரைக் கேட்டு, உயரமான நாற்காலி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஆசிரியத் தோழர்களே, தூக்க முடியாத கல்லைக் காட்டி மாணவனைத் தலைகுனியச் செய்தல் எளிது. அவனால் இன்று தூக்கக்கூடிய எடை எதுவெனக் கண்டு அதனை அவன் கையில் வைப்பதே ஆசிரியம். நாளைய எடையை அவனே கேட்டு வாங்குவான்.