மூணு டைவா, நாலு டைவா?

பிளேஸ்மென்ட் கிடைச்சதும் பாண்டிச்சேரிக்கு ஸ்கூபா போகலாம்னு பிளான் போடாத கேங் நம்ம காலேஜ்ல குறைவுதான். உடனே வர்ற கேள்வி: ஒரே நாள்ல எத்தனை டைவ் போகலாம்? பொழுதுபோக்கு டைவிங்கில் ரெண்டு, மூணு வழக்கம். நாலு வரை போறவங்களும் உண்டு. ஆனா எண்ணிக்கையை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதாது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. சுவாசிக்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தம் கூடக்கூட அது உடம்புக்குள்ள அதிகமாகக் கரையும். வேகமா மேல வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழா வெளியே வரும். லேசா இருந்தா மூட்டுவலி. தண்டுவடத்தில் பட்டா காலே விழுந்துடலாம்.

இதைக் கணக்காக மாற்றியவர் ஹால்டேன். ஆடுகளை வைத்துச் சோதித்து, 1908-இல் முதல் டைவிங் அட்டவணைகளை வெளியிட்டார். நம்ம ஆர்சி சர்க்யூட் ஞாபகம் இருக்கா? அதே கணக்குதான். உடம்பின் ஒவ்வொரு திசுவும் ஒரு கெப்பாசிட்டர். இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருக்கும் ப்யூல்மான் மாடலில் இப்படி 16 பிரிவுகள். வேகமானது 4 நிமிடத்தில் பாதி காலியாகும். மெதுவானதுக்கு 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கு மேல. அதனால ரெண்டாவது டைவை நீங்க ஜீரோவிலிருந்து ஆரம்பிக்கிறதில்லை. முதல் டைவின் பாக்கியும் கூடவே இறங்குது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதுதான் கணக்கு. பல டைவ் போனா, விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்றதும் இதனாலதான்.

இப்போ நம்ம மறைமலை நகர்ல ஜிஎஸ்டி ரோட்டுப் பஞ்சர் கடை கம்ப்ரசரை நினைச்சுப் பாருங்க. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்ணைப் படகில் வெச்சு, நீளமான குழாயில் வர்ற காற்றைச் சுவாசிச்சுக்கிட்டு, தூத்துக்குடிப் பக்கம் கடலடியில் சங்கு எடுக்கிறாங்க. முன்னெல்லாம் மூச்சடக்கித்தான் குளிச்சாங்க. ஒரு நாளில் பல தடவை இறங்கினாலும், ஒவ்வொரு தடவையும் உள்ளே போறது ஒரு மூச்சுக் காற்றுதான். குழாய் வந்ததும் கீழேயே இருந்து வேலை பார்க்க முடிஞ்சது. நம்ம ஸ்கூபா சிலிண்டர் காலியானா மேல வந்தே ஆகணும். அதுவே ஒரு பாதுகாப்பு. கம்ப்ரசருக்கு டீசல் இருக்கிறவரை காற்று வந்துக்கிட்டே இருக்கும்.

நமக்கு மூணாவது டைவ்னா இன்னும் நாலு போட்டோ. அவங்களுக்கு அது அன்றைய வருமானம். சங்கு கிடைக்காத நாள்ல "போதும், மேல வா"னு ஒரு அட்டவணை சொன்னா யார் கேட்பாங்க?

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு பிரஷர் சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், தண்ணி புகாத ஒரு டப்பா. ஆழத்தையும் நேரத்தையும் பதிவு செஞ்சு, படகில் குழாயைப் பிடிச்சிருக்கிறவருக்கு அலாரம் அடிக்கணும். அலாரம் அடிச்ச பிறகு மேல வர்றவரோட அன்றைய கூலிக்கு என்ன வழிங்கிறது நம்ம லேப்ல தீராது. தூத்துக்குடி போய் அவங்ககிட்ட உட்கார்ந்து பேசித்தான் ஆகணும்.