ஒரே ரசீது, மூன்று கணக்கு



கோடை விடுமுறை நெருங்குகிறது. தேர்வுகள் முடிந்ததும் எங்கே போகலாம் என்ற பேச்சு நம் சபையின் வீடுகளில் இப்போதே தொடங்கிவிட்டது. நம் தலைமுறைக்குப் பாபநாசமும் மணிமுத்தாறும் குற்றாலமும் போதுமானவையாயிருந்தன. தூக்குவாளியில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு காலையில் முக்கூடலிலிருந்து புறப்பட்டால் பொழுது சாயும் முன் வீடு திரும்பிவிடுவோம். அன்று பங்கிட வேண்டியிருந்தது சோறு மட்டுமே.

இன்றைய பிள்ளைகள் கேட்பது கேளிக்கைப் பூங்கா. கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் 2000-ஆம் ஆண்டில் ‘வீகாலேண்ட்’ என்ற பெயரில் தொடங்கி, இப்போது வொண்டர்லா என்று அழைக்கப்படும் பூங்காவுக்கு நம் ஊரிலிருந்து பலர் போய்வருகிறார்கள். சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் பூங்கா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டிருக்கிறது. இவற்றை ஒரே பகலில் பார்த்துத் திரும்ப நம்மால் இயலாது. ஓட்டலில் அறை எடுக்க வேண்டும். அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து போனால் ஒருவர் தம் கார்டிலிருந்து எல்லா அறைகளுக்கும் பணம் கட்டுவார். ஊர் திரும்பிய பிறகு ‘உங்கள் பங்கு இவ்வளவு’ என்று ஒரு செய்தி வரும். அந்த ஒரு வரிச் செய்தியில் உடைந்த உறவுகளைப் போதகனாக நான் கண்டிருக்கிறேன்.

இதில் ஆவிக்குரிய காரியம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு குடும்பத்தாரின் அனுமதியோடு, அவர்களுடைய அடையாளங்களை மறைத்து, நடந்ததைச் சொல்லுகிறேன்.

மூத்தவர் வளைகுடா நாட்டில் வேலை செய்பவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. இளையவர் ஆசிரியர், அவர் குடும்பத்திலும் நால்வர். தங்கை கணவனை இழந்தவர். பீடி சுற்றி இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவர். இவர்களோடு வயதான தாயார். ஆகப் பன்னிரண்டு பேர். சென்ற கிறிஸ்துமஸுக்கு மூத்தவர் விடுப்பில் வந்தபோது, எல்லாரும் அம்பாசமுத்திரத்தில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறி, செங்கோட்டை, புனலூர் வழியாக எர்ணாகுளம் போனார்கள். நான்கு அறைகள், இரண்டு இரவுகள். அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய். ஆக 24,000, அதன்மேல் 5 சதவீத வரி 1,200, மொத்தம் 25,200 ரூபாய். மூத்தவரே முழுவதையும் கட்டினார். பூங்காவின் சீட்டுகளை அவரவர் வாங்கிக்கொண்டார்கள். அங்கே குழந்தைச் சீட்டா பெரியவர் சீட்டா என்பதை வயது தீர்மானிப்பதில்லை, உயரமே தீர்மானிக்கிறது. 140 சென்டிமீட்டரைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர் கட்டணம். தங்கையின் மகன் பன்னிரண்டு வயதுதான் என்றாலும் நெடுநெடுவென்று வளர்ந்தவன். குழந்தைச் சீட்டு என்று எண்ணிக் கொண்டுபோன பணம் அங்கேயே கரைந்தது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் மூத்தவர் வீட்டிலிருந்து செய்தி வந்தது: மூன்று குடும்பங்கள், ஆகவே ஆளுக்கு 8,400. இளையவர் உடனே அனுப்பிவிட்டார். தங்கையும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தங்கையின் காதில் கிடந்த கம்மல் அடகுக்கடைக்குப் போயிருந்தது. தாயார் அதைப் பார்த்தார். பண்டிகைக்குப் பிந்தைய திருவிருந்து ஆராதனைக்கு மகள் வரவில்லை. அன்று மாலை தாயார் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளைகள் போன இடத்துல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு; திரும்பி வந்த பிறகுதான் மனசு சரியில்ல” என்றார்.

இரு சகோதரர்களையும் பார்த்தேன். அவர்கள் பொல்லாதவர்களல்லர். தங்கையின் கம்மலைப் பற்றி அறிந்ததும் மூத்தவரின் முகம் வாடிப்போயிற்று. “ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாமே, ஐயா!” என்றார். பிறகு, “சரி, நீங்களே சொல்லுங்கள், யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்?” என்று கேட்டார்.

சொத்தைப் பாகம்பிரித்துத் தரும்படி ஒருவன் கேட்டபோது, அந்தப் பொறுப்பை ஏற்க நம் ஆண்டவர் மறுத்துவிட்டார். அவர் ஏற்காத நாற்காலியில் அவருடைய ஊழியன் உட்காரலாகாது. ஆகையால் தொகையை நான் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து, அதே ரசீதை மூன்று விதமாக எழுதிப் பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். இளையவர் கணக்கு ஆசிரியர்; அவரே எழுதினார்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்றால் தங்கையின் பங்கு 8,400. தலைக்கு இவ்வளவு என்றால் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கு 2,100; தாயாரின் பங்கை மூன்று பிள்ளைகளும் 700 வீதம் ஏற்றுக்கொண்டால் தங்கைக்கு 7,000. அறைக்கு இவ்வளவு என்றால் ஓர் அறைக்கு 6,300. மூத்தவர் வீட்டார் இரண்டு அறைகளில் தங்கினார்கள். இளையவர் வீட்டார் நால்வரும் ஓரறையில். தங்கையும் பிள்ளைகளும் தாயாரோடு நான்காம் அறையில். அந்த அறையில் தாயாருக்குரிய கால்பங்கை மூவரும் பகிர்ந்துகொண்டால் தங்கை தர வேண்டியது 5,250 மட்டுமே. ஒரே ரசீதில், ஒரு கூட்டல் பிழையும் இல்லாமல், ஒரு விதவையின் பங்கு 8,400 ஆகவும் ஆகலாம், 5,250 ஆகவும் ஆகலாம். இடையிலுள்ள 3,150 ரூபாய்க்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்பதை நம் ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இளையவர் எழுதுகோலைக் கீழே வைத்தார். அதன்பின் நாங்கள் வேதத்தைத் திறந்தோம்.

செலவைப் பங்கிடுவதைக் குறித்து வேதம் மௌனமாயிருக்கவில்லை. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில், இருபது வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் ஆளுக்கு அரைச் சேக்கல் செலுத்த வேண்டும் என்றும், செல்வந்தன் கூட்டியோ ஏழை குறைத்தோ கொடுக்கலாகாது என்றும் கட்டளை இருக்கிறது. தேவனுக்கு முன்பாக ஓர் ஆத்துமா மற்றோர் ஆத்துமாவுக்குச் சமம் என்பதால் அது சமபங்கு. ஆனால் அது தலைக்கணக்கு, வீட்டுக்கணக்கு அன்று. தொகையும் முன்னதாகவே அறிவிக்கப்பட்டது.

அதே ஆகமத்தின் 12-ஆம் அதிகாரத்தில் பஸ்காவின் முறைமை சொல்லப்படுகிறது. ஒரு வீட்டார் முழு ஆட்டுக்குட்டியையும் உண்டு முடிக்க முடியாத சிறு குடும்பமாயிருந்தால், அடுத்த வீட்டாரோடு சேர்ந்து கொள்ளலாம். தலைகளின் எண்ணிக்கையையும், அவரவர் எவ்வளவு உண்பார் என்பதையும் கருதிக் கணக்கிட வேண்டும். எகிப்தை விட்டுப் புறப்படுகிற அந்த அவசரத்திலும் சிறிய குடும்பத்தின்மேல் பெரிய பாரம் விழாதபடி நம் தேவன் கவனித்தார். அந்தக் கணக்கும் ஆட்டை அடித்த பிறகு போடப்பட்டதன்று, தெரிந்துகொள்ளும்போதே போடப்பட்டது.

மூன்றாவது முறை லேவியராகமத்தில் இருக்கிறது. ஆட்டைக் கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம். 5-ஆம் அதிகாரத்தின்படி, அதற்கும் இயலாதவன் கொஞ்சம் மாவைக் கொண்டுவரலாம். பீடத்தில் மூன்றும் ஒரே விதமாக ஏற்றுக்கொள்ளப்படும். மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது பறவைகளின் காணிக்கையையே கொண்டுவந்தார்கள். ஏழைக்கென்று வகுக்கப்பட்ட முறையில்தான் நம் இரட்சகரின் குடும்பமே பலிசெலுத்தியது. அவர்கள் தலைகுனிய வேண்டியிருந்ததில்லை. அந்த வாசலைப் பிரமாணமே முன்கூட்டித் திறந்துவைத்திருந்தது.

பிரியமானவர்களே, மூத்தவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ‘அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே’ என்கிறோம். இல்லாதவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு கூனிக்குறுக வேண்டும் என்று இருக்கிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. என்னால் முடியாது என்று அண்ணிமாருக்கு முன்பாகச் சொல்வதைவிடக் கம்மலைக் கழற்றுவது அவருக்கு எளிதாயிருந்தது. ஆகவே முதல் வார்த்தை அவருடையதாக இருந்திருக்கக் கூடாது. எவருக்கு அதிகம் இருக்கிறதோ அவரே முதலில் பேச வேண்டும். பயணத்துக்கு முன்பே பேச வேண்டும். கொரிந்து சபையின் பந்தியில் ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டபோது, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்பதே அவருடைய மனவேதனை.

உறவுக்குள் கணக்கு எதற்கு என்று சிலர் சொல்வார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். கலியாண வீட்டில் மொய் நோட்டு எழுத நாம் கூச்சப்படுவதில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த பணத்தை எடுத்துச் செல்லும்போது, ஒருவரும் குறைசொல்ல இடமிராதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கப் பவுல் கவனமாயிருந்தார் என்று 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதே அதிகாரத்தில்தான், ஒருவனிடத்தில் இல்லாததைக் கொண்டல்ல, இருப்பதைக் கொண்டே அவனுடைய மனவிருப்பம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்றும் அவர் எழுதுகிறார். திறந்த கணக்கும் இளகிய மனதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆகவே இந்தக் கோடையில் சேர்ந்து புறப்படுகிறவர்களுக்குச் சில ஆலோசனைகள். அறையைப் பதிவு செய்யும் முன் வரியும் சேர்த்து மொத்தத் தொகையை எல்லாருக்கும் சொல்லுங்கள். வீட்டுக்கா, தலைக்கா, அறைக்கா என்பதை அன்றே முடிவு செய்யுங்கள். கூடுதல் அறையோ உயர்ந்த அறையோ வேண்டுகிறவர் அதன் அதிகச் செலவைத் தாமே ஏற்கட்டும். பெற்றோரின் செலவைப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளுங்கள். தாயைத் தன்னோடு தங்கவைத்த பிள்ளையின் தலையில் அதைச் சுமத்தாதிருங்கள். ஒரு குடும்பம் கடைசி நேரத்தில் வர முடியாமற்போனால், திரும்பி வராத பணத்தை யார் ஏற்பது என்பதையும் முன்னதாகவே பேசிவையுங்கள். தனித்தனி ஓட்டலில் தங்கிப் பூங்காவின் வாசலில் சந்திக்க விரும்பினால் அதில் குற்றமில்லை. ஆபிரகாமும் லோத்தும் சேர்ந்து தங்க இயலாதபோது பிரிந்தே கூடாரம் போட்டார்கள். ஆனால் பெரியவராகிய ஆபிரகாம், எந்தப் பக்கம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்தார் என்பதை மறவாதேயுங்கள். வசதி குறைந்தவர் சொல்லுகிற வாடகையிலிருந்தே உங்கள் தேடல் தொடங்கட்டும்.

அசனப் பண்டிகையன்று நாம் இதை இயல்பாகவே செய்கிறோம் அல்லவா? ஒருவர் ஆடு கொடுக்கிறார், ஒருவர் அரிசி மூட்டை கொடுக்கிறார், ஒருவர் ஒரு படி அரிசியோடு வருகிறார், வேறொருவர் வெங்காயம் உரிக்கக் கைகளை மட்டும் தருகிறார். பந்தியில் உட்கார்ந்தபின் யார் எவ்வளவு கொடுத்தார் என்று இலையைப் பார்த்து ஒருவரும் சொல்ல முடியாது. ஆலய வளாகத்தில் அறிந்ததை ஓட்டல் ரசீதுக்கு முன்னால் மறப்பானேன்?

அந்தச் சகோதரர்கள் முடிவில் எந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுக்கும் கர்த்தருக்கும் உரியது. அடுத்த திருவிருந்து ஆராதனையில் மூன்று பிள்ளைகளும் தாயாரோடு ஒரே வரிசையில் முழங்கால்படியிட்டிருந்தார்கள். கிண்ணத்தைக் கொடுக்கும்போது என் கண்கள் கலங்கின.

கப்பர்நகூமில் ஆலய வரி கேட்கப்பட்டபோது, மீனின் வாயிலிருந்து எடுத்த ஒரே நாணயத்தால் தமக்காகவும் பேதுருவுக்காகவும் சேர்த்துச் செலுத்தும்படி ஆண்டவர் சொன்னார். பேதுருவின் பங்கு எவ்வளவு என்று அவர் பிறகு கேட்டதாக மத்தேயு எழுதவில்லை. நம் பங்கையும் சேர்த்துச் செலுத்தித் தீர்த்தவரின் பிள்ளைகள் நாம். நம்மோடு பயணம் செய்கிற எளியவரின் முகம் வாடாதபடி கணக்குப் போட அவர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.