கூடமும் பாயும்

சொகுசு வாழ்வு என்னும் பொருளில் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழ்த்துறை மாணவர்கள் எம் இல்லம் தேடி வந்து கேட்டபோது சற்றே தயங்கினோம். ஆடம்பரத்தைக் கண்டித்து நான்கு பக்கம் எழுதுவது எவர்க்கும் எளிது. வீண்விரயம் கூடாது என்று மேடையில் முழங்கிவிட்டுக் குளிரூட்டிய சிற்றுந்தில் வீடு திரும்பும் பெரியவர் கூட்டத்தில் யாமும் இருக்கிறோம். ஆகவே அத்தகைய கட்டுரைக்கு எமக்குத் தகுதியில்லை. எம் வீட்டு முன்கூடத்தைப் பற்றி மட்டும் எழுதத் துணிந்தோம். மாணவச் செல்வங்கள் பொறுத்தருள்க.

எம் ஊர் பொருநைக் கரையில் உள்ளது. நெல்லும் கோரையும் விளையும் மண். ஆயினும் ஊரில் எழுந்த மாடிவீடுகளுக்கு அந்த மண் காசு தரவில்லை, கடல் தந்தது. 'சபர்' என்றால் பயணம். பயணம் போய்ப் பொருளீட்டுவோனைச் 'சபராளி' என்பது எம் மக்கள் வழக்கு. எம் தந்தையார் 1938ஆம் ஆண்டில், பதினாறு அகவையில், பினாங்குக்குப் போன சபராளி. சூலியா தெருவில் ஒரு கடையில் வேலை. கடைக்கு மேல்மாடியில் எண்மரோடு உறக்கம். போர் முடிந்து ஊர் வந்து 1947இல் மணமுடித்தார். அதன் பின்னர் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதும், சில திங்கள் இருந்துவிட்டுப் போவதுமாக 1972 வரை அவர் வாழ்வு கழிந்தது.

அந்நாளில் சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கும் சிங்கப்பூரும் சென்றோர் 'ரஜூலா' என்னும் கப்பலை மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்திற்காக 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பெற்ற கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் வங்கக் கடலில் உழைத்து, 1973இல் அந்நிறுவனத்திடமிருந்து கைமாறி, மறு ஆண்டே உடைபட்டது. அதில் அறை வகுப்பினர் சிலர். அவர்களுக்குக் கட்டிலும் உணவுக்கூடமும் பணியாளரும் உண்டு. ஏனையோர் 'டெக்' பயணிகள். அவர்கள் ஆயிரக்கணக்கானோர். பாய் விரித்த இடமே அவரவர்க்கு உரிய இடம். ஏறக்குறைய ஒரு வாரப் பயணத்தில் மழையும் வெயிலும் வாந்தியும் குழந்தைகளின் அழுகையும் எல்லார்க்கும் பொது.

வாப்பா போனதும் டெக்கில், வந்ததும் டெக்கில். 1968ஆம் ஆண்டு வரவின்போது அவர் கையில் ஓரளவு பொருள் இருந்தது. அறை வகுப்பில் வந்திருக்கலாமே என்று யாம் கேட்டோம். அண்ணாந்து கூடத்தின் நடுவே தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கைக் காட்டி, "அந்தக் காசுக்குத்தாம்ப்பா இது வந்துட்டுல்லா" என்றார். வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் அந்த விளக்குத்தான் கப்பலில் பாதுகாப்பாக வந்தது. அவர் அதன் பக்கத்தில் கோரைப்பாய் விரித்துக் கிடந்து வந்தார்.

கூடத்தைச் சொல்லவேண்டும். 1965இல் கட்டி முடிந்தது. கட்டியவர் வாப்பா என்பது பெயரளவே. மேற்பார்வை முழுவதும் உம்மாவும் தாய்மாமாவும். வான்வழிக் கடிதத்தில் அளவுகள் போகும். பதிலில் ஒப்புதல் வரும். மெருகேற்றிய மொசைக் தரை, தேக்குக் கதவுகள், ஆளுயரக் கண்ணாடி, மெத்தை தைத்த நாற்காலிகள் ஆறு. அந்த நாற்காலிகளின் முதுகுக்கு உம்மா வெள்ளை நூலில் பின்னலுறை போட்டார்கள். உறை அழுக்காகும் என்று எங்களை உட்காரவிடவில்லை. இரண்டு பெருநாளுக்கும், பெண் பார்க்க வருவோர்க்கும் மட்டுமே கூடம் திறந்திருக்கும். சரவிளக்கை ஏற்றினால் மின் அளவி சுழல்வது கண்ணுக்குத் தெரியும் என்பார் மாமா. ஆகையால் அதுவும் ஆண்டில் இரண்டு நாளே எரிந்தது. நாங்கள் உண்டதும் உறங்கியதும் படித்ததும் ஓடு வேய்ந்த பழைய பின்கட்டில்.

ஒரேயொரு பொருள் மட்டும் கூடத்திலிருந்து பின்கட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1963இல் வாப்பா கொணர்ந்த வானொலிப் பெட்டி அது. வானொலிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய காலம் அது. எங்கள் தெருவில் அதுவே முதல் பெட்டி. பூவேலை செய்த துணியுறையை விலக்கி யாம் குமிழைத் திருகும்போது தெருப்பிள்ளைகள் சன்னலில் தொங்குவார்கள். இலங்கை வானொலியின் பாட்டும், நாகூர் ஹனீபாவின் குரலும் அப்பெட்டி வழியே எமக்கு அறிமுகமாயின. ஒருநாள் இரவு உம்மா, "இதுல பினாங்கு கேக்குமா?" என்று கேட்டார்கள். யாம் சிற்றலையில் முள்ளை நகர்த்தி நகர்த்தித் தேடினோம். நெடுநேரம் சென்று மலாய் மொழியில் ஒரு குரல் எழுந்து அமிழ்ந்தது. அது பினாங்கோ, வேறெந்த ஊரோ, யார் கண்டார்? அதன்பின் இரைச்சல் மட்டுமே. நிறுத்தப் போனோம். "இருக்கட்டும். மழை பெய்யுற மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிறிது நேரம் அந்த இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிற்காலத்தில் வகுப்பறையில் நெடுநல்வாடை பாடம் சொல்லும்போதெல்லாம் எமக்கு அந்த இரவு நினைவுக்கு வரும். நக்கீரர் பாடிய 188 அடிகளில் அரண்மனையின் சொகுசு எவ்வளவு விரிவாகப் பேசப்படுகிறது என்பதை மாணவர்கள் அறிவர். யவனர் செய்த பாவை விளக்கு அங்கே எரிகிறது. நாற்பது அகவை எய்திப் போரில் வீழ்ந்த களிற்றின் கொம்பால் அமைந்த வட்டக் கட்டில் இருக்கிறது. அதன்மேல், துணையோடு கூடிய அன்னத்தின் தூவி பரப்பிய படுக்கை. அத்தனையும் இருந்தும், அரசி அணிகலன்களைக் களைந்து, மேற்கட்டியில் எழுதியிருந்த திங்களையும் அதனைப் பிரியாத உரோகிணியையும் நோக்கிப் பெருமூச்சு விடுகிறாள். அரசனோ பாசறையில், வாடைக் காற்றில், நள்ளிரவில், புண்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். யவன விளக்கைப் பற்றிப் பேராசிரியர்கள் வணிக வரலாறு எழுதுவார்கள். எழுதட்டும். எமக்கோ அது வைக்கோல் பெட்டியில் வந்த சரவிளக்காகவே தோன்றும்.

எம் வீட்டிலும் அரசியர்க்கு ஒத்த ஒரு படுக்கை உண்டு. பத்தமடைப் பட்டுப் பாய். எம் ஊருக்கு அணித்தே உள்ள அவ்வூரில் இலப்பைக் குடும்பத்துப் பெண்கள் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து, பாவு நூலிட்டுத் துணிபோல் நெய்வார்கள். மடித்துக் கைப்பெட்டியில் வைக்கலாம்; அத்தனை மென்மை. மணமக்கள் பெயரையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவது அங்கு வழக்கம். 1947இல் உம்மாவின் தாய்வீட்டார் தந்த பாயில் எம் பெற்றோர் இருவர் பெயரும் சிவப்பு இழையில் உள்ளன. வாப்பா ஊரில் இருக்கும் நாள்களில் மட்டுமே அது விரிக்கப்படும். கப்பலேறியதும் சுருட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பரணுக்குப் போய்விடும். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அப்பாய் இன்றும் புதிது போல் இருக்கிறது. பார்ப்பவர்கள் நெசவின் உறுதியை வியக்கிறார்கள். அது எத்தனை இரவு விரிக்கப்பட்டது என்பதை யாம் சொல்வதில்லை.

இனி, யாம் எழுத விரும்பாத பகுதி.

குடியுரிமை இல்லாதோர் மலேசியாவில் வேலை உரிமச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நம்மவர் பலர் திரும்பினர். வாப்பாவும் 1972இல் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு ஐம்பது வயது. தாம் கட்டிய கூடத்தில் அவர் ஒருநாளும் நாற்காலியில் அமர்ந்ததில்லை. கைலியும் கை வைத்த பனியனுமாக, கூடத்தின் தலைவாசலை ஒட்டித் தரையில், கப்பலில் கொண்டுபோன அதே கோரைப்பாயை விரித்து உட்காருவார். மொசைக் தரையின் குளிர்ச்சியும் தெருக்காற்றும் அங்கேதான் நன்றாக இருக்கும் என்பார். அங்கேயே உறங்குவார். மனிதர் அத்தனை மகிழ்ச்சியாக இருந்து அதற்குமுன் யாம் கண்டதில்லை.

மறு ஆண்டு யாம் ஒரு கல்லூரியில் ஆசிரியப் பணியில் சேர்ந்தோம். நோன்புப் பெருநாளுக்கு எம் துறைத் தலைவரும் உடன் பணியாற்றும் நண்பர் மூவரும் விருந்துக்கு வருவதாக இருந்தது. காலைத் தொழுகை முடிந்து வந்து பார்த்தால், வாப்பா வாசலில் பாய்மேல் இருக்கிறார். எமக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. "வாப்பா, ஆள்க வாற நேரம், நாற்காலியில இருக்கலாமே" என்றோம். அவ்வளவே சொன்னோம், குரல் உயர்த்தவில்லை. ஆனால் சொல்லும்போது எம் கண் அந்தப் பாயின்மேல் இருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார்.

"இருக்கேன்ப்பா" என்று எழுந்தார். பாயைச் சுருட்டினார். சட்டையும் தொப்பியும் அணிந்து வந்து, சரவிளக்கின் நேர் கீழே இருந்த நாற்காலியில் அமர்ந்தார். நிழற்பட நிலையத்தில் உட்காருவது போல முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் முழங்கால்களின்மேல் வைத்துக்கொண்டார். விருந்தினர் மூன்று மணிநேரம் இருந்தனர். மூன்று மணிநேரமும் அப்படியே இருந்தார். துறைத் தலைவர் விளக்கைப் பெரிதும் புகழ்ந்தார். எங்கு வாங்கியது என்று கேட்டார். வாப்பா விலையைச் சொன்னார், கப்பலைச் சொல்லவில்லை.

அன்று மாலை பாய் பின்கட்டுக்குப் போயிற்று. 1981இல் அவர் இறக்கும் வரையில் அது முன்கூடத்துக்குத் திரும்பவில்லை. அவர் சினந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் யாம் மன்னிப்புக் கேட்டிருப்போம். சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தும் கேட்கவில்லை.

எம் மகன் 2006 முதல் துபாயில் பொறியாளன். 2019இல் அவனைக் காணச் சென்றபோது எமக்கும் எம் துணைவியார்க்கும் வணிக வகுப்பில் சீட்டு எடுத்து அனுப்பினான். இருக்கையைப் பொத்தான் அழுத்திப் படுக்கையாக்கலாம். சூடான ஈரத்துண்டு தருகிறார்கள். பீங்கான் தட்டில் உணவு பரிமாறுகிறார்கள். நான்கு மணிநேரப் பயணத்துக்கு இத்தனையா என்று வாயால் கடிந்துகொண்டோமே தவிர, உள்ளபடி சொன்னால் மிகவும் நன்றாக இருந்தது. முழங்கால் வலி உள்ளவர்க்கு அது அருமருந்து. இதற்கு மேலும் வகுப்பு உண்டாம். எமிரேட்ஸ் நிறுவனத்தின் ஏ-380 விமானங்களில் முதல் வகுப்பினர் நடுவானில் குளிக்கவும் 2008 முதல் வசதி இருக்கிறது என்று மகன் சொன்னான். ரஜூலாவின் தளத்தில் ஒரு செம்பு நன்னீருக்கு வரிசையில் நின்றவரின் பேரன் அவன். அவன் அங்கு எந்த வகுப்பில் பயணம் செய்கிறான் என்று கேட்டோம். பேச்சை மாற்றிவிட்டான்.

2016இல் அவன் முன்கூடத்தைப் புதுப்பித்தான். மொசைக் போய் இத்தாலியப் பளிங்கு வந்தது. சரவிளக்கு பரணில் பட்டுப் பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவர் நிறையத் தொலைக்காட்சி, மூலைக்கொரு ஒலிபெருக்கி, படுத்தால் எழ முடியாத அளவு மென்மையான சோபா, இரண்டு குளிரூட்டிகள். அத்துடன், முதியோர் இருவர் தனித்திருக்கும் வீடு என்பதால் கூரை மூலையில் ஒரு கண்காணிப்புக் கருவி. அங்கிருந்தே அவன் தன் கைப்பேசியில் தன் கூடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவன் ஆண்டுக்கு இருபது நாள் வருகிறான்.

சென்ற கோடையில் ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது சொன்னான்: "வாப்பா, ஹால்ல ஒருநாளும் ஆள் இருக்கக் காணோமே. பின்னால புழுக்கத்துல ஏன் கிடக்கிய? ஏசியப் போட்டு முன்னால இருங்க. உங்களுக்காகத்தான போட்டது?"

"இருக்கேன்ப்பா" என்றோம். சொன்ன பிறகே அது யாருடைய சொல் என்று உறைத்தது.

இப்போது நாள்தோறும் பிற்பகல் இரண்டரை மணிக்கு, துபாயில் ஒரு மணி, அவனுக்கு உணவு இடைவேளை. அந்நேரத்தில் யாமும் எம் துணைவியாரும் முன்கூடத்துக்கு வந்து, குளிரூட்டியை இயக்கி, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுச் சோபாவில் அமர்கிறோம். யாம் சட்டை அணிந்துகொள்கிறோம். மூன்று மணி ஆனதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போகிறோம். அங்கே பாய் விரித்தபடியே கிடக்கிறது.