காய்ச்சுகிறவன்

"இம்புட்டுப் பெரிய இட்லித்துணி எதுக்குய்யா?" என்று அம்மா கேட்டபோது நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கேமராவை அணைத்துவிட்டுத் திரும்பினேன். பால்கனிக் கொடியில் காய்ந்த பையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையில் தறிச்சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். எந்தத் துணியையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"பருத்தி இல்ல, பாலியெஸ்டரு. ஆனா நெருக்கமா நல்லா நெஞ்சிருக்கான். எதை வடிகட்ட?"

"சத்துமாவுக் கஞ்சிம்மா."

2023 ஏப்ரல். எனக்கு 34 வயது. மெல்பர்னில் சொந்தச் சம்பளத்தில் வாழ்கிறேன். ஆனாலும் பொய் சொன்னேன். அது நான் பீர் காய்ச்சும் பை.

இந்த வார்த்தையில்தான் சிக்கலே. எங்கள் பக்கம் பாலைக் காய்ச்சலாம், கூழைக் காய்ச்சலாம். ஆனால் ஒரு ஆம்பளையைப் பற்றி "அவன் காய்ச்சுறான்" என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் காடு. மழை பெய்தால் கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி லாரியில் ஏற்றுவார்கள். அந்த லாரிகளுக்கு எடைக்கணக்கு எழுதுவது அப்பாவின் வேலை. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதே கை நடுங்கும்.

எங்கள் வீட்டில் மண்ணால் செய்த பழைய குலுக்கை ஒன்று இருந்தது. கம்பு கொட்டி வைப்பது. அப்பா அதற்குள் கம்புக்கு அடியில் பாட்டிலைப் புதைத்து வைப்பார். கூழுக்குக் கம்பு அள்ளப் போகும் அம்மாவின் கையில் கண்ணாடி தட்டும். அவள் எடுத்துப் போட மாட்டாள். சுற்றி உள்ள கம்பை மட்டும் அள்ளிக்கொண்டு வருவாள். 2009-ல், நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அப்பா ஈரல் கெட்டு இறந்துபோனார். கடைசி இரண்டு மாசம் அவர் வயிற்றில் தங்கியது ஹார்லிக்ஸ் மட்டும்தான்.

29 வயது வரை நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. அது கொள்கை அல்ல, பயம். பிறகு பீர் குடித்தேன், பயப்பட்ட அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2020-ல் மெல்பர்ன் ஊரடங்கு வந்தது. மொத்தத்தில் 262 நாள் உள்ளேயே கிடந்த ஊர் இது. வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த நாட்களில்தான் முதல் மால்ட் மூட்டையை வரவழைத்தேன். புளிச்ச மாவு ரொட்டி சுடும் நண்பர்களிடம் "பொழுதுபோக்கு" என்று சொன்னேன். உண்மையில், எங்கள் வீட்டை உடைத்த பொருள் எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. புரியாத கோடைத் திறந்து படிக்கிற புத்திதான். படித்துவிட்டால் பயம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

முறை இதுதான். பார்லியை முளைகட்டி, முளை நீளுவதற்குள் காயவைத்து நிறுத்தினால் அது மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் நொதிகள் உண்டாகின்றன. அவை மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும் கத்திகள். பீர்க் கம்பெனிகளில் ஊறவைக்க ஒரு கலம், வடிக்க ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. 2000-களின் நடுவில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் செய்கிறவர்கள் சிலர் இதையெல்லாம் ஒரே பானையில் முடித்தார்கள். மெல்லிய திரைச்சீலைத் துணியில் பை தைத்து, பானைக்குள் விரித்து, தானியத்தை அதில் கொட்டி, ஊறியதும் பையோடு தூக்கிவிடுவது. அவ்வளவுதான்.

என் அளவு சின்னது. 19 லிட்டர் எவர்சில்வர் பானை. 12 லிட்டர் தண்ணீர். 69 டிகிரிக்குச் சுட்டதும் அடுப்பை அணைத்து, கொரகொரப்பாக உடைத்த 2 கிலோ மால்ட்டைப் பைக்குள் கொட்டிக் கட்டி இல்லாமல் கிளற வேண்டும். சூடு 66-க்கு இறங்கி நிற்கும். அதுதான் இடம். பீட்டா அமைலேஸுக்கு 60-65 பிடிக்கும், ஆல்பாவுக்கு 70 பக்கம் பிடிக்கும். 66-ல் இரண்டும் சண்டையில்லாமல் வேலை பார்க்கும். பானையைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விடுகிறேன். பையைத் தூக்கி, பானைமேல் சல்லடையில் வைத்துப் பிழிகிறேன். கிடைப்பது பழுப்பு நிறச் சர்க்கரைத் தண்ணீர். அதை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, கசப்புக்கும் வாசத்துக்கும் ஹாப்ஸ் போட்டு, 20 டிகிரிக்குக் குளிரவைத்து, ஈஸ்ட் தூவி மூடிவிட வேண்டும். ஆறிய பிறகு தொடும் எல்லாமே கிருமி இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் 20 சின்ன பாட்டில் வரும்.

நான் இரண்டு வாரம் பொறுக்கவில்லை. முதல் முறை ஆறாவது நாளே பாட்டிலில் அடைத்தேன். ஹைட்ரோமீட்டர் 1.022 காட்டியது, அது 1.012 பக்கம் இறங்கி இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றிருக்க வேண்டும். டெஸ்ட் முடியாமல் புரொடக்‌ஷனுக்குத் தள்ளின கோடு போலத்தான். மிச்சமிருந்த சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்றது, வாயு போக வழியில்லை. நுரைக்காக நான் போட்ட சர்க்கரை வேறு. ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்குத் துணி அலமாரிக்குள் வெடிச்சத்தம். திறந்தால் சட்டையெல்லாம் ஈரம், கண்ணாடிச் சில்லு. உட்கார்ந்து பொறுக்கும்போதுதான் உறைத்தது. அலமாரிக்குள் எதற்கு வைத்தேன்? தனியாக இருக்கிறவன். கேட்க ஆள் இல்லை. வீடியோ காலில் அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றுதான். எனக்கும் ஒரு குலுக்கை வாய்த்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தேதி, எடை, சூடு, ஹைட்ரோமீட்டர் எண். கூடவே திறந்த ஒவ்வொரு பாட்டிலும், எந்த நாள் என்பதும். கணக்கு இருந்தால் கட்டுப்பாடு இருக்கும் என்று நினைத்தேன்.

அதே வருஷம்தான் பெரும்பாணாற்றுப்படையை உரையோடு படித்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பில் கள் சமைக்கிற முறை ஒன்று வருகிறது. அரிசியைக் குழையக் கூழாக்கி, வாயகன்ற தட்டில் ஆறவைக்கிறார்கள். அதில் முளை நெல்லைக் கலக்கிறார்கள். இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைக்கிறார்கள். பிறகு விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நான் எழுந்து அறைக்குள் நடந்தேன். ஆறவைக்கிறார்கள் பாருங்கள். அரிசி, கம்பு, சோளம் இவற்றின் மாவுச்சத்து பார்லியைவிடக் கூடுதல் சூட்டில்தான் இளகும். அந்தச் சூட்டில் முளையின் நொதிகள் செத்துப்போகும். அதனால் முதலில் கூழாக்க வேண்டும், ஆறவைக்க வேண்டும், அப்புறம்தான் முளையைச் சேர்க்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் இதை விரலால் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே பாட்டில் வேறொரு இடத்தில், வீட்டில் சமைத்த தோப்பியைக் குடிக்கிறவர்களும் வருகிறார்கள். காய்ச்சியது அல்ல, சமைத்தது. சோறு போல.

இது நம்மோடு மட்டும் நிற்பதும் அல்ல. நேபாளத்துக் கிழக்கு மலைகளில் கேழ்வரகைப் புளிக்கவைத்துச் சுடுதண்ணீர் ஊற்றி உறிஞ்சுகிற தோங்பா இருக்கிறது. நமீபியாவின் வடக்கில் கம்பு மாவில் செய்கிற ஒஷிகுண்டு இருக்கிறது. எங்கள் ஊரின் அதே கம்பு.

பெருமைப்பட்டுவிட்டு அப்படியே போய்விட முடியாது என்பதும் தெரியும். தமிழ்நாட்டில் வீட்டில் ஒரு லிட்டர் பீர் செய்தாலும் குற்றம். 1937-ல் ராஜாஜி காலத்தில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி வந்தது. பிறகு அதுவும் போனது. 1987-ல் கள்ளுக்குப் போட்ட தடை இன்னும் இருக்கிறது. 2003-லிருந்து சில்லறை விற்பனை மொத்தமும் அரசாங்கத்தின் கையில். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. இந்த மண்ணில் "வீட்டில் காய்ச்சினது" என்றால் அம்மாக்களுக்கு ஏன் குலை நடுங்குகிறது என்று எனக்குப் புரியும். பீரை யாரும் வாலையில் வடிப்பதில்லை, அதில் அப்படிப்பட்ட விஷம் சேராது என்பது ரசாயனம். அம்மாவின் பயம் ரசாயனம் பற்றியது இல்லை.

சத்துமாவுப் பொய் நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது அலமாரி திறந்திருந்தது. அம்மா மால்ட் மூட்டையைப் பிரித்து, ஒரு கை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஹார்லிக்ஸ் வாசம்" என்றாள்.

அது சரிதான். ஹார்லிக்ஸும் மால்ட் செய்த பார்லிதான், கூடக் கோதுமையும் பாலும். ஆனால் அவள் எந்த ஹார்லிக்ஸைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

"பீரா?"

"ஆமா."

"வாங்கிக் குடிக்கிறியா?"

"காய்ச்சுறேம்மா."

வேறு வார்த்தை வாயில் வரவில்லை. கையிலிருந்த மால்ட்டை ஒரு மணி சிந்தாமல் மூட்டைக்குள் போட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். மூன்றாம் நாள் ராத்திரி, "எம்புட்டுக் குடிப்ப?" என்று கேட்டாள்.

எனக்குத் தைரியம் வந்தது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன். "எல்லாம் எழுதியிருக்கேம்மா. ஒண்ணு விடாம. வாரத்துக்கு ரெண்டு, மூணு. பாரு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒங்கப்பாவும் கணக்கு எழுதுறவருதான்."

விரல் ஒரு பக்கத்தில் நின்றது. 2021 ஜூலை. ஒரு வாரத்தில் 14. அதற்கடுத்த வாரம் 13. "இதென்னய்யா?"

எனக்கு அந்தப் பக்கம் மறந்தே போயிருந்தது. இல்லை, மறக்கவில்லை. திருப்பிப் பார்க்காமல் வைத்திருந்தேன். அந்த மாசம் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "வேலை ஜாஸ்தியா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அம்மாவிடம் முதல் முறையாக அன்றைக்குத்தான் சொன்னேன். நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

அவள் திட்டவில்லை, சத்தியம் கேட்கவில்லை. அப்பாவிடம் வாங்கிய சத்தியங்கள் என்ன ஆயின என்று அவளுக்குத் தெரியும். "சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன், ஏரோப்ளேன் ஓடல. ஆனா தெரிஞ்சிருப்பேன்ல" என்றாள். நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

நான் விடவில்லை. வருஷத்துக்கு மூன்று தடவை செய்கிறேன். மாசக் கடைசியில் நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பதில் வராது. நீல டிக் வரும். நொதியும் ஈஸ்ட்டும் எனக்குப் புரியும் என்பதால் நான் அப்பாவிடமிருந்து வேறுபட்டவன் என்று நம்பியிருந்தேன். கணக்கு எழுதுவதில் இல்லை வித்தியாசம், இன்னொருத்தர் அதைப் படிப்பதில் இருக்கிறது. இப்போதைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவே கேட்டாள். "அந்தப் பை வேலையை நம்ம கம்புல செய்ய முடியுமா? போதை வேணாம். அதுக்கு முந்தி நிப்பாட்டிக் காட்டு."

ஒரு படி கம்பை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி இரண்டு நாள் வைத்தோம். வெள்ளை முளை விட்டதும் மொட்டை மாடியில் காயப்போட்டோம். கரிசல் வெயிலுக்குத் தனி உலை வேண்டாம். வேரைத் தேய்த்துப் புடைத்து, மிக்ஸியில் கொரகொரப்பாக உடைத்தோம். முளைக்காத கம்பை இடித்துக் கெட்டியாகக் கூழ் காய்ச்சினாள். 66-க்கு ஆறும்வரை நான் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். முளைமாவைக் கொட்டிக் கிளறி, பானையைச் சாக்கில் சுற்றி வைக்கோலுக்குள் வைத்தோம். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால், கரண்டி நிற்கிற கூழ் தண்ணியாக ஓடியது. இட்லித்துணியில் ஊற்றினோம். அம்மா விரலால் அலைத்துப் பிழிந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு டம்ளர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சீனி போட்டியா?"

"இல்லம்மா. கம்புதான்."

"எம்புட்டு வருசமா இந்தக் கம்பைக் குடிக்கிறோம். உள்ள இம்புட்டு இனிப்பு இருந்திருக்கு." இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

மிச்சத்தை மூடி வைத்திருந்தோம். மறுநாள் சாயங்காலம் மூடியைத் திறந்தால் மேலே நுரை கட்டியிருந்தது. நாங்கள் எதையும் தூவவில்லை. காற்றிலும் கம்பிலும் இருப்பது போதும். அம்மா காதைப் பானைக்குக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். எதுவும் சொல்லவில்லை. மாட்டுக்கு வைக்கும் கழனித்தண்ணியில் அதைச் சாய்த்துவிட்டு, இட்லித்துணியை இரண்டு தடவை அலசிக் கொடியில் போட்டாள்.

"நாளைக்கு இட்லிக்கு வேணும்" என்றாள்.