நம்ம ஆளு யாராவது இருக்காங்களா?

மும்பையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு பாரத் டைமண்ட் போர்ஸ் தெரியாமல் இருக்காது. 2010 அக்டோபரில் திறந்த வைரச் சந்தை. சுமார் 2,500 அலுவலகங்கள். என் ஆபீஸ் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சாயங்காலம் டீக்கடையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் வைரத் தரகராக இருக்க நிறைய வாய்ப்புண்டு. சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று நான் கேட்டதில்லை :-)

2023 டிசம்பரில் சூரத்தில் இதைவிடப் பெரிய வைரச் சந்தை ஒன்றைப் பிரதமர் திறந்து வைத்தார். ஒன்பது கோபுரங்கள், நாலாயிரத்துக்கும் மேல் அலுவலகங்கள், அறுபது லட்சம் சதுர அடிக்கும் அதிகம். அமெரிக்காவின் பென்டகனைவிடப் பெரிசு என்று பேப்பரெல்லாம் எழுதினார்கள். உலகத்தில் பட்டை தீட்டும் வைரக் கற்களில், எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது இந்தியாவில்தான் தீட்டப்படுகின்றன. அதிலும் பெரும்பகுதி சூரத்தில். கல் அங்கே, கைகள் அங்கே, இப்போது கட்டிடமும் அங்கே. வாடகையும் மும்பையைவிடக் குறைவு. "இனிமே இந்த ஏரியாவே காலிதான்" என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. முதலில் சூரத்துக்குப் போன பெரிய நிறுவனம் ஒன்றே 2024 தொடக்கத்தில் மும்பைப் பிரிவை மறுபடி மும்பைக்குக் கொண்டுவந்துவிட்டது. 2022க்குப் பிறகு வைர வியாபாரம் மந்தமானதும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. வாங்க வருபவர், தரகர், பேங்க், பிள்ளைகளின் ஸ்கூல், சம்பந்தி வீடு எல்லாம் இங்கே இருக்கும்போது ஒருவர் மட்டும் கிளம்பிப் போய் என்ன செய்வார்? எல்லோரும் போனால் நானும் வருகிறேன் என்று எல்லோருமே சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். கட்டிடத்தை இரண்டு மூன்று வருஷத்தில் கட்டிவிடலாம். மனிதர்கள் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பதை அப்படிக் கட்ட முடியாது.

வைரத் தொழிலில் இந்தத் 'தெரிந்து வைத்திருத்தல்' எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஒரு வியாபாரி தன் கல்லை இன்னொருவரிடம் 'ஜாங்கட்' முறையில் கொடுப்பார். அதாவது, எடுத்துப்போய்க் காட்டு, விற்றால் பணம், விற்காவிட்டால் கல்லைத் திருப்பிக் கொடு. கையில் மிஞ்சுவது ஒரு துண்டுச் சீட்டு. சூரத்துக்கும் மும்பைக்கும் நடுவில் கல்லையும் பணத்தையும் எடுத்துப் போவது 'ஆங்காடியா' என்ற கூரியர்காரர்கள். அதுவும் நம்பிக்கையில் ஓடும் தொழில்தான். ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லை. சேதி ஒரே நாளில் பஜார் முழுக்கப் பரவும். அதற்கப்புறம் கடனும் கிடைக்காது, வீட்டில் பெண்ணுக்கு வரனும் வராது. எங்களைப் போல பேங்கில் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்கள் பத்து கையெழுத்து வாங்கியும் நிம்மதியாகத் தூங்க மாட்டோம். அவர்களுக்கு ஒரு சீட்டு போதும்.

இந்த வட்டத்துக்குள் புதிதாக ஒருவர் எப்படி நுழைவது? வட குஜராத்தில் பாலன்பூர் என்று ஒரு ஊர். அங்கிருந்து வந்த ஜைனக் குடும்பங்கள்தான் மும்பை வைர வியாபாரத்தில் ரொம்ப காலம் முன்னணியில் இருந்தன. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் வரை கடை விரித்தார்கள். சௌராஷ்டிரத்தின் காத்தியவாடிப் படேல்கள் விவசாயக் குடும்பங்கள். சூரத்துக்குப் பட்டை தீட்டும் தொழிலாளிகளாக வந்தவர்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கத்திலிருந்து சின்னச் சின்ன மலிவுக் கற்கள் கொட்ட ஆரம்பித்தன (2020ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது). நிறைய கைகள் தேவைப்பட்டன. சித்தப்பா பையன், மச்சான், பக்கத்து ஊர்க்காரன் என்று ஒருவர் ஒருவராக இழுத்து வந்து, பட்டறை போட்டு, தொழிலாளிகளாக வந்தவர்கள் ஏற்றுமதியாளர்களாகவே ஆனார்கள். கைவன் முன்ஷி என்ற பொருளாதார அறிஞர் 2011ல் இதை விரிவாக எழுதினார். அவர் கண்ட ஒரு விஷயம் சுவாரசியமானது: வட்டம் வலுக்க வலுக்க காத்தியவாடிகள் வைரத் தொழில் குடும்பங்களிலேயே கல்யாணம் செய்வது கூடியது. ஏற்கெனவே நிலைத்துவிட்ட பழைய சமூகங்களில் அது குறைந்தது. ஏணி தேவைப்படுகிறவன்தான் அதை இறுக்கிப் பிடிக்கிறான்.

இதைப் படிக்கும்போது "சேட்டுகள் சமாச்சாரம்" என்று தோன்றுகிறதா? நம் கதையும் இதேதான். தஞ்சாவூர், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஷார்ட்ஹாண்ட், டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட்டோடு ரயிலேறியவர்கள் மாட்டுங்காவுக்குத்தான் வந்து இறங்கினார்கள். மாமா வீட்டு ஹாலில் ஆறு மாசம் படுக்கை, மெஸ்ஸில் சாப்பாடு, மாமாவின் மேனேஜரிடம் ஒரு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு தாராவியின் தோல் பட்டறைகள். அங்கேயும் ஒருவர் கையைப் பிடித்துத்தான் இன்னொருவர். மாட்டுங்காவும் தாராவியும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள், பேசுவதும் ஒரே மொழி. ஆனால் மாட்டுங்கா மாமா தாராவிப் பையனுக்காக மேனேஜரிடம் பேசியதாக நான் இதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. 'நம்ம ஆளு' என்பதற்கு எல்லை எங்கே என்று அப்போதே தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

வெளியே நின்றவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? 1960ல் தொடங்கிய 'மார்மிக்' என்ற மராத்திப் பத்திரிகை, கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாகப் பட்டியல் போட்டது. நடத்தியவர் பால் தாக்கரே. 1966ல் சிவசேனா பிறந்தது. அடிபட்டது உடுப்பி ஓட்டல்காரர்களும் லுங்கி கட்டிய ஏழைகளும். அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மராத்திப் பையன் ஒருவன் தன் ஊரிலேயே ஒரு ஆபீஸ் கதவைத் தட்டும்போது உள்ளே எல்லோரும் மாமாவும் மருமகனுமாக உட்கார்ந்திருந்தால் அவனுக்கு என்ன தோன்றியிருக்கும்? நமக்கு ஏணியாக இருந்தது அவனுக்குச் சுவராக இருந்தது. அந்தக் கோபத்தை அரசியல் பிடித்துக்கொண்டது.

சரி, வட்டத்துக்கு உள்ளே இருப்பவர்களாவது நன்றாக இருக்கிறார்களா என்றால் அதுவும் எப்போதும் இல்லை. முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் தாதர் பள்ளிகளில் இருபது வருஷச் சேர்க்கையை ஆராய்ந்து 2006ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மில், துறைமுகம், பட்டறை வேலைகளெல்லாம் சாதிக்காரர்கள், ஊர்க்காரர்கள் வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த ஊர் மும்பை. 1990களில் ஆபீஸ் வேலைகள் பெருகி, இங்கிலீஷ் படித்தவர்களுக்கு மவுசு கூடியது. அப்போதும் உழைப்பாளிச் சாதிகளின் பையன்கள் பெரும்பாலும் மராத்தி மீடியத்திலேயே சேர்ந்தார்கள். அப்பாவின் வட்டம் ஒரு வேலை வாங்கிக் கொடுத்துவிடும் என்ற தைரியம். வட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்ற எதிர்பார்ப்பும்கூட. அதே வீட்டுப் பெண்களுக்கு அப்படி வேலை பிடித்துக்கொடுக்க எந்த வட்டமும் இல்லை. அவர்கள் வேகமாக இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறி, மேல்சாதிப் பெண்களை எட்டிப் பிடித்தார்கள். யாருக்காக யாரும் சிபாரிசு செய்யவில்லையோ அந்தப் பிள்ளைதான் முன்னால் போனது!

நம்ம திருப்பூரிலும் இதே பாடம் வேறு ரூபத்தில் இருக்கிறது. அபிஜித் பானர்ஜியும் (2019ல் நோபல் வாங்கியவர்) முன்ஷியும் 2004ல் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களைப் பற்றி எழுதினார்கள். உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தின் பணம் தங்கள் ஆட்களின் நிறுவனங்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் அவர்கள் நிறுவனங்கள் வேகமாக வளர்ந்தன. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போனது. வயல்காட்டிலிருந்து ஓர் உலகச் சந்தையை எழுப்பியதும் அதே உறவுதான் என்பதையும் மறக்கக்கூடாது. இரண்டும் உண்மை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் போன மாசம் வந்த ஒரு போன். ஊரிலிருந்து அத்தை. "ஐயா, ஒங்க ஆபீஸ்ல நம்ம பயலுக்கு ஒரு வேல பாத்துக் குடுய்யா. ஒன்னய விட்டா எங்களுக்கு அங்க யாரு இருக்கா?" எங்கள் ஆபீஸில் ஆள் சேர்த்துவிட்டால் போனஸே உண்டு. எங்கள் டீமில் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அப்படி வந்தவர்கள். நானும் அதில் ஒருவன். அத்தை சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கிராமத்துப் பையனுக்கு மும்பையில் என்னை விட்டால் யாரும் இல்லைதான். அவன் பயோடேட்டாவை அனுப்பி வைத்தேன். தகுதி இருக்கிறது, இன்டர்வியூவை அவன்தான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தேன். எங்கள் சொசைட்டி வாட்ச்மேனின் மகள் பி.காம். முடித்து ஒரு வருஷமாக வேலை தேடுகிறாள். உத்தரப் பிரதேசக் குடும்பம், நமக்கு எந்த விதத்திலும் சொந்தமில்லை. அவளுக்கு அந்த வேலை இருப்பதே தெரியாது. லிங்கையும், இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பதையும் ஒரு பக்கத்துக்கு எழுதி அவளுக்கும் அனுப்பினேன். எனக்குச் செலவு பத்து நிமிஷம்.

"ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தானே கிடைக்கும், அத்தைக்குத் தெரிஞ்சா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வாட்ச்மேன் மகளுக்குக் கிடைத்தால் அத்தை கொஞ்ச நாள் பேச மாட்டாள். அதற்குத் தயாராகத்தான் இருக்கிறேன்.

சொந்தக்காரனுக்கு உதவாதே என்று யாருக்கும் நான் சொல்லப்போவதில்லை. அந்த உதவி இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் இன்னும் ஊரிலேயே இருந்திருப்போம். சொல்ல வருவது ஒன்றுதான். தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருவர் காதில் ஒருவர் சொல்லும் வேலைச் சேதியை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது சங்கத்துக்கு வெளியே இருக்கிற ஒருவர் காதிலும் போடலாம். சொந்த ஊரைவிட்டு வந்து, யாரையும் தெரியாத ஒரு ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கியவர்கள் நாம். கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன?